இருபத்தெட்டாவது வரி

மூழ்குகிற படகுக்குக் கைதட்டல் கிடைப்பது அபூர்வம். கமடோருடைய படகுக்குக் கிடைத்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, தனியாளாக இரண்டு நாள் கடல் பயணம் கிளம்புமுன், படகுத்துறைச் சரிவில் எண்பது பேருக்கு எதிரே நின்று, 'கடலில் ஒழுக்கம்' என்ற தலைப்பில் கமடோர் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், அப்போதுதான் டிரெய்லரிலிருந்து தண்ணீரில் இறக்கிக் கட்டிய அவருடைய படகு நின்றது. இருபதடி நீளம், இரண்டு பேர் படுக்க ஓர் அறை, தேநீர் போட ஒரு குட்டி அடுப்பு. பேச்சு ஏற ஏறப் படகு இறங்கியது. நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அம்சம் போலிருக்கிறது என்று முன்வரிசை கைதட்டியது. தன் பேச்சுக்குத்தான் என்று கமடோர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து திரும்பியபோது படகின் கூரை மட்டும் மிச்சம் இருந்தது.

கமடோர் எந்தக் கடற்படையிலும் இருந்தவர் இல்லை. மின்விசிறி விற்கும் கம்பெனியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படகுச் சங்கத்துக்குத் தலைவரானதும் வெள்ளை யூனிஃபார்ம் தைத்துக்கொண்டார். பட்டத்தையும் கையோடு தானே சூட்டிக்கொண்டார். தொப்பி அளவில் கொஞ்சம் பெரிது. ஆனால் தலைக்கனம் அந்தக் குறையை நிரப்பிவிட்டது.

இன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கத்தின் கமிட்டி கூடுகிறது. படகு மூழ்கியது மெக்கானிக்கின் அலட்சியத்தால் என்று தீர்மானம் போட்டு, அவரைப் படகுப் பட்டறையிலிருந்து வெளியேற்றப்போகிறார்கள். அறிவிப்புப் பலகையில் பெயரும் ஏறும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஒரு துடுப்பைக்கூட யாரும் அவரிடம் ரிப்பேருக்குக் கொடுக்கமாட்டார்கள். தீர்மானத்துக்கு ஒரு விசாரணை அறிக்கை வேண்டும். அதை எழுதிக் கையெழுத்துப் போடத்தான் கமடோர் தன் சொந்தத் தங்கையைக் கூப்பிட்டிருந்தார்.

தங்கை லேசுப்பட்டவள் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் புலனாய்வு. தீப்பிடித்த கிடங்கு, காணாமல் போன லாரி என்று எது வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி "ஏன்?" அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். அண்ணன் போன் செய்து "பாப்பா, ஒரு சின்ன உதவி" என்றபோது மட்டும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனாயிற்றே.

மணி இரண்டரை. சங்கச் செயலாளரின் அறையில், மேஜைமேல் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பிஸ்கட் டப்பா. சங்கத்தின் முத்திரை ஐந்து இடத்தில் குத்தி, நூல் சுற்றி, அரக்கு வைத்திருந்தது. இன்னொன்று, படகைக் கிளப்புமுன் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல், நெகிழித்தாள் ஒட்டியது.

"படகு மூழ்கின அஞ்சாவது நிமிஷமே சாட்சிப் பொருளை சீல் வெச்சுட்டேன் மேடம்," என்றார் செயலாளர். "யார் கையும் படலை."

"பிஸ்கட்டை என்ன சார் பண்ணீங்க?" என்றான் ஏன் மேடத்தின் கொழுந்தன்.

அவனுக்குத் தொழில் அண்ணிக்குக் கார் ஓட்டுவது. அண்ணியை எரிச்சலூட்டுவது உபதொழில்; அதில்தான் வருமானம் இல்லாவிட்டாலும் முன்னேற்றம் அதிகம்.

"சாட்சிகள் சாப்பிட்டுட்டாங்க," என்றார் செயலாளர் சிரிக்காமல்.

ஏன் மேடம் பட்டியலை எடுத்தாள். அறுபத்தொரு வரிகள். பின்பக்கம் முழுக்க, தொப்பியோடு கமடோரின் புகைப்படம். பட்டியல் என்னவோ உருப்படியானதுதான். பட்டறையில் பார்க்க வேண்டியது இருபத்தெட்டு வரி, வழியில் மூன்று, துறையில் மீதி. அதைப் பயன்படுத்த ஒரு வழக்கமும் இருந்தது. ஒருவர் வரியை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டு "கை வெச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகே டிக். டிக் விழுந்த வரியை மறுபடி பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக வாசித்தவர் கமடோர், தொட்டவர் மெக்கானிக்.

இருபத்தெட்டாவது வரி: 'படகின் பின்புற டிரெயின் பிளக்.' படகு கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர் வடிய, அடியில் ஒரு துளை உண்டு. தண்ணீரில் இறக்குமுன் பித்தளைப் பிளக்கைத் திருகி அதை அடைக்க வேண்டும். மறந்தால் படகு வாளியாகிவிடும். மறக்காமலிருக்க மெக்கானிக் ஒரு வழி செய்திருந்தார். படகு கரையில் இருக்கும்வரை பிளக் கார்ச்சாவி வளையத்திலேயே தொங்கும். சாவியைக் கையில் எடுக்கிறவன் கண்ணில் பிளக் பட்டே தீரும். அதைக் கழற்றித் துளையில் பூட்டின பிறகுதான் காரைக் கிளப்புவார்கள். பட்டறைப் பகுதியின் கடைசி வரியாக அது இருந்தது அதனால்தான்.

அன்று படகு மூழ்கியதும் கமடோர் கார்ச்சாவியைத் தூக்கிக் காட்டினார். வளையத்தில் பிளக் தொங்கியது. "கை வெச்சாச்சுன்னு சொன்னான்! நான் நம்பினேன்!" என்றார். எண்பது பேரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

மெக்கானிக்கைக் காலையில்தான் அவள் விசாரித்திருந்தாள். "பூட்டின மாதிரிதான் மேடம் ஞாபகம்," என்றார் அவர். "ஆனா ஐயா பொய் சொல்லமாட்டாரு. நான்தான் தொடாமயே சொல்லியிருப்பேன். வயசாகுதில்ல." பன்னிரண்டு நாளில் தானே தன்னைக் குற்றவாளியாக்கி, தண்டனையும் கொடுத்துவிட்டு, மேல்முறையீடே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"டப்பாவைத் திறங்க," என்றாள் ஏன் மேடம்.

ஐந்து முத்திரையும் உடைந்தன. வளையம், சாவி, பிளக். பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினாள். மரைகளுக்குள் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டாள். கிரீஸ்.

"தம்பி, காலையில மெக்கானிக் என்ன சொன்னாரு? படகு திரும்பினதும் பிளக்கை என்ன பண்ணுவாராம்?"

"கழுவி, துடைச்சு, காயவெச்சு, வளையத்துல மாட்டுவாராம். எங்க வீட்ல தட்டைக்கூட அப்படிக் கழுவறதில்லை."

"கிரீஸ் எப்போ தடவுவாராம்?"

"பூட்டறப்போ மட்டும்…" கொழுந்தன் நிறுத்தினான். "அண்ணி! அப்ப இது உள்ள போயிட்டு வெளிய வந்த பிளக்!"

"அந்த ஆள் பூட்டியிருக்காரு. தொட்டுத்தான் சொல்லியிருக்காரு. பட்டறைக்கும் துறைக்கும் நடுவுல யாரோ கழட்டியிருக்காங்க."

செயலாளர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "யாரோன்னா?"

மெக்கானிக் பிளக்கைப் பூட்டியதும், சரிவில் பாசி கழுவத் தன் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார். படகை இழுத்துக்கொண்டு எட்டுக் கிலோமீட்டர் வந்தவர் கமடோர். தனியாக.

"எதிரி சங்கம்," என்றாள் ஏன் மேடம் வேகமாக. "அண்ணன் வழியில நின்னப்போ எவனாவது பண்ணியிருப்பான்."

"படகுச் சங்கத்துக்கு எதிரி சங்கமா? நீச்சல் சங்கமா இருக்குமோ?"

"வண்டியை எடு."

அன்று கமடோர் வழியில் நின்றது பெட்ரோல் பங்க்கில். பட்டியலின் இருபத்தொன்பதாவது வரிப்படி, பத்து நிமிஷம் ஓடியதும் நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் நடுமூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இருந்தால் சரி. சுட்டால் உள்ளே பேரிங் போகிறது என்று அர்த்தம். அந்த வரியில் கமடோரின் டிக் இருந்தது.

பெட்ரோல் போடுகிற பெண்ணுக்கு நன்றாக நினைவிருந்தது. "வெள்ளை டிரெஸ், தோள்ல தங்கக் கயிறு. பேண்டு வாத்தியக்காரர், வழி தவறி வந்துட்டாருன்னு நினைச்சேன்க்கா. கேட்கலாம்னா, முகம் அவ்வளவு பெரிய பதவியில இருந்துச்சு."

"வேற யாராவது படகு பக்கத்துல வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்லை. அவர்தான் படகுக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தாரு. ரொம்ப நேரம். அப்புறம் கை துடைக்கத் துணி கேட்டாரு. கையெல்லாம் பச்சையா என்னவோ."

காருக்குத் திரும்பி நடக்கும்போது கொழுந்தன் வாயைத் திறக்கவில்லை. அவன் வாய் மூடியிருப்பதே ஒரு குற்றச்சாட்டு.

"சொல்லித் தொலை," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. பச்சை நல்ல கலர்."

"சக்கரத்துக்கும் அதே டப்பா கிரீஸ்தான். வரி இருபத்தொன்பது. சக்கரத்தைத் தொட்டான், கையில ஒட்டிச்சு. பட்டியல்ல இருக்கறதைத்தான் செஞ்சிருக்கான்."

"சரி அண்ணி. 'ஏன்'னு யாராவது கேட்பாங்கன்னு பார்த்தேன். வழக்கமா ஒருத்தர் கேட்பாங்க."

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் கணக்கில் தோற்றபோது, அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து அவள் மாடிப்படியின் கீழ் ஒளிந்திருந்தாள். மதிப்பெண் அட்டையை வாங்கி, அப்பா மாதிரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அண்ணன். மாட்டிக்கொண்டு அடி வாங்கியவனும் அவன்தான். தங்கைக்கு இது தெரியும் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு மெக்கானிக்கை மாட்டிவிடுவானா?

"இதோ பார்," என்றாள் திடீரென்று. "பன்னிரண்டு வருஷமா அவன் வாசிச்சுக்கிட்டுதான் இருந்தான். தொட்டதெல்லாம் மெக்கானிக். படகுல எது எங்க இருக்குன்னு அவனுக்கு என்ன தெரியும்? அந்தத் துளையைக் கண்டுபிடிக்க காலையில நீ என்ன பாடுபட்டே?"

"டார்ச்சோட பத்து நிமிஷம் தவழ்ந்தேன். ஏணிக்குப் பின்னாடி, டிரெய்லர் கட்டைக்கும் படகுக்கும் நடுவுல விரல் போற சந்து. இன்னும் முட்டி வலிக்குது."

"அதேதான். இருக்கிற இடமே தெரியாதவன் எப்படிக் கழட்டியிருப்பான்? அவனைத் தொடவெச்சுப் பார்ப்போம். தெரியலைன்னா அவன்மேல தப்பில்லை."

"அதாவது, உங்க அண்ணன் யோக்கியர்னு நிரூபிக்க, அவர் முட்டாள்னு நிரூபிக்கப் போறீங்க."

"ஆமா."

"சுலபமான கேஸ்தான் அண்ணி."

மணி நாலு. மீட்டெடுத்த படகு பட்டறையில் டிரெய்லர்மேல் நின்றது, மாற்றுச்சாவி போட்டு ஓட்டிவந்த காருடன் கோத்தபடி. மூலையில் மெக்கானிக் தன் கருவிகளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். போகிறபோது எண்ணெய்க் கறையோடு போகக்கூடாது என்பது போல.

கமடோர் முழு யூனிஃபார்மில் வந்தார். கமிட்டிக்கு முன் ஓர் ஒத்திகை என்று தங்கை சொன்னதும் மார்பு இரண்டங்குலம் விரிந்தது.

"நான் எழுதின பட்டியல் பாப்பா! எனக்கே ஒத்திகையா? வாசி வாசி."

"வரி ஒண்ணு. டிரெய்லர் கொக்கியின் பூட்டு."

கமடோர் காரின் பம்பரைத் தட்டிக்கொடுத்தார். "கை வெச்சாச்சு."

"அது கார்," என்றான் கொழுந்தன்.

"வரி நாலு. பாதுகாப்புச் சங்கிலிகள், குறுக்காக."

கமடோர் படகில் ஏறி நங்கூரச் சங்கிலியைத் தூக்கினார். டிரெய்லர் கொக்கியின் அடியில் தொங்கிய இரண்டு சங்கிலிகளும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"வரி பதினொண்ணு. எஞ்சினை நிறுத்தும் கயிறு. ஓட்டுகிறவர் இடுப்பில் மாட்டிக்கொள்வது."

கமடோர் தேடித் தேடி, ஜன்னல் திரையின் கயிற்றைப் பிடித்தார். திரை இறங்கியது.

"எஞ்சினை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் நிறுத்திட்டீங்க," என்றான் கொழுந்தன்.

"வரி பதினாறு. பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறி. கிளப்புமுன் நாலு நிமிஷம் ஓட வேண்டும்."

கமடோர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மேஜைக்கடியில் பார்த்தார். முப்பது வருஷம் மின்விசிறி விற்றவருக்கு அந்தப் படகில் இருந்த ஒரே விசிறி அகப்படவில்லை. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது. தொப்பி காதுவரை இறங்கியது.

ஏன் மேடத்துக்கு மனம் குளிர்ந்தது. ஒவ்வொரு வரியிலும் அண்ணன் தோற்றான். ஒவ்வொரு தோல்வியும் அவளுக்கு ஒரு விடுதலைப் பத்திரம். ஒன்பதாம் வகுப்பில் தான் தோற்றதற்கு அழுதவள், இப்போது அண்ணன் தோற்பதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். பேட்டரி சுவிட்ச் தெரியவில்லை. தண்ணீர் இறைக்கும் பம்ப் தெரியவில்லை. பின்விளக்கு என்றதும் முன்விளக்கைத் தொட்டான். மூலையில் மெக்கானிக் துடைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி அவமானப்படுவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"வரி இருபத்தெட்டு," என்று வாசித்தாள். "படகின் பின்புற டிரெயின் பிளக்."

கமடோரின் முகம் மலர்ந்தது. பரீட்சை ஹாலில், படித்த ஒரே கேள்வி வந்துவிட்ட மாணவனின் முகம். பின்னால் சுற்றி வந்தார். ஒரு முழங்காலை ஊன்றினார். கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஏணிக்குப் பின்னால், டிரெய்லர் கட்டைக்கு மேலே, அந்த விரலளவுச் சந்துக்குள் விரலை நேராக விட்டார்.

"கை வெச்சாச்சு!" என்றார் வெற்றியோடு.

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நல்ல வசனத்தை வீணாக்கினான்.

அவள் குரல் மாறாமல் அடுத்ததை வாசித்தாள். "வரி இருபத்தொன்பது. சக்கரத்தின் நடுமூடி, சூடு பார்த்தல்."

கமடோர் எழுந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகரத்தைத் தடவினார். சுத்தமான தகரம். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"அண்ணா," என்றாள். "பெட்ரோல் பங்க்ல குனிஞ்சு எதைத் தொட்டே?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பித் துளையைப் பார்த்தார். எது தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாத தலை ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தனியாளா ரெண்டு நாள் பயணம்னு பேனர் அடிச்சுட்டாங்க பாப்பா. நான்தான் அடிக்கச் சொன்னேன். அன்னிக்குக் காலையில யோசிச்சுப் பார்க்கறேன், எஞ்சினைக் கிளப்பறதே எப்படின்னு தெரியலை. எல்லாத்தையும் அவன்தானே பண்ணுவான். கொஞ்சம் தண்ணி ஏறினா பயணத்தைத் தள்ளிப் போடலாம்னு… முழுசா முழுகும்னு எனக்கென்ன தெரியும்?"

"பழியை ஏன் அந்த ஆள் மேல போட்டே?"

"எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. சாவி கையில இருந்துச்சு."

அவ்வளவுதான் காரணம். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சின்னக் காரணத்தை அவள் பார்த்ததில்லை. அதைவிடச் சின்னது எதுவும் இருக்காது என்று நினைத்துத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க. விசாரிக்க ஏன் என்னைக் கூப்பிட்டே?"

கமடோர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "நீ எல்லார்கிட்டயும் ஏன்னு கேட்பே. என்கிட்ட மட்டும் கேட்கமாட்டியே பாப்பா." குரலைத் தாழ்த்தினார். "ஒரு கையெழுத்துதானே. உனக்காக நான் போடலையா?"

அவள் அவனையே பார்த்தாள். மாடிப்படியின் கீழிருந்து அவள் அன்று பார்த்த அண்ணன் எங்கே என்று தேடினாள். இத்தனை வருஷமும் அந்தக் கையெழுத்தை இவன் வட்டியோடு வைத்திருந்திருக்கிறான். அவளைக் கெட்டிக்காரி என்று கூப்பிடவில்லை. குருடி என்று கூப்பிட்டிருக்கிறான்.

காலடிச் சத்தம் கேட்டது. மெக்கானிக் துடைக்கும் துணியோடு வந்து நின்றார். கோபப்படுவார் என்று கொழுந்தன் ஓர் அடி முன்னால் வந்து நின்றுகொண்டான். மெக்கானிக் கோபப்படவில்லை.

"ஐயா," என்றார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அறைக்குள்ள படுத்துக்கிட்டே வந்திருப்பேன். ஊர் கண்ணுல படாம நான் ஓட்டியிருப்பேன். நீங்க மேல நின்னு கையசைச்சிருக்கலாம்."

கமடோர் தொப்பியை மறுபடி தலையில் வைக்கப்போய், வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஏன் மேடம் டிரெய்லர்மேலேயே தாளை வைத்து எழுதினாள். நாலு வரிதான் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். இது அவளுடைய சொந்தக் கையெழுத்து. தாளைக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

"அஞ்சு மணிக்கு முன்னாடி செயலாளர் கையில குடு."

"அரக்கு வைக்கணுமா அண்ணி?" என்றான் மெதுவாக. கேலி செய்ய அல்ல; அவளைக் கொஞ்சம் சிரிக்கவைக்க. அவள் சிரிக்கவில்லை. அவன் போனான்.

"மேடம்," என்றார் மெக்கானிக். "நிஜமாவே பூட்டியிருந்தேனா?"

"பூட்டியிருந்தீங்க. கிரீஸ் தடவி, கை வெச்சு, சொல்லியிருக்கீங்க."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பன்னிரண்டு நாள் வெளியூர் போயிருந்த ஆள் வீடு திரும்பியது போல. பிறகு மூலைக்குப் போய், பெட்டியைத் திறந்து, அடுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

ஏன் மேடம் வாசல்வரை நடந்தாள். பின்னால் "பாப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

ஏன் என்று அவள் திரும்பிக் கேட்கவில்லை.